செயின்சா வாங்கியாச்சு, ஜீன்ஸ் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு, அதன் ஓரத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேலைக்கு ஆள் கிடைக்காததால் 16 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்ட, மரம் அறுக்கும் பெட்ரோல் செயின்சா வாங்கிவிட்டீர்கள். இதுவரை மெஷினைக் கையில் பிடித்ததில்லை. வீட்டில் இருக்கிற கெட்டி ஜீன்ஸ், பைக் ஹெல்மெட், ஆன்லைனில் வாங்கிய வெட்டு தாங்கும் கையுறை இவை போதுமா, இல்லை வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற, செயின்சா வேலைக்கென்றே செய்த அந்த ஆரஞ்சு பாதுகாப்பு பேன்ட் நம் வெயிலிலும் தேவையா என்று கேட்கிறீர்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எதை முதலில் வாங்குவது என்பதுதான் உள்ளே இருக்கும் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீலகிரி, வால்பாறை எஸ்டேட்டுகளில் நிழல் மரங்களைக் கழிப்பது, வெட்டி இறக்குவது என்று பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது புதிதாக மெஷின் எடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஜீன்ஸ் போதாது. பைக் ஹெல்மெட் இந்த வேலைக்கானது இல்லை. அந்தக் கையுறை ஓடுகிற செயினை நிறுத்தாது. முதல் பணம் காலுக்குப் போகட்டும்.

ஏன் கால்? செயின்சாவை எல்லாக் கம்பெனியும் ஒரே அமைப்பில்தான் செய்கிறது: பின் பிடி வலது கையில், முன் பிடி இடது கையில். நாம் இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நிற்போம். வெட்டு முடிந்து பார் மரத்தை விட்டு வெளியே வரும் நொடியில் மெஷினின் எடை முழுவதும் கைக்கு வரும். புதியவர் கை அதற்குத் தயாராக இருக்காது, பார் கீழே இறங்கும். அந்த இடத்தில் இருப்பது இடது தொடையும் முழங்காலும். 2009 முதல் 2013 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த செயின்சா காயங்கள் 1,15,000-க்கும் மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் அதிகம் அடிபட்ட இடங்கள் கை விரல்களும் முழங்காலும்தான்.

இனி ஜீன்ஸ் விஷயம். முழு ஆக்சிலரேட்டரில் செயின் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 72 கிலோமீட்டர். உங்கள் 16 இஞ்ச் பாரில் ஓடும் செயினின் மொத்த நீளம் சுமார் 1 மீட்டர், அதில் இருபத்தைந்துக்கும் மேல் வெட்டும் பற்கள். அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார் காலில் பட்டாலே ஐம்பது பல்லாவது கடந்து போய்விடும். ‘பட்டவுடன் கையை எடுத்துவிடுவேன்’ என்பது நடக்காத காரியம். எவ்வளவு கெட்டியான துணியாக இருந்தாலும், துணியாக இருக்கும் வரை அந்தப் பற்களுக்கு அது ஒன்றுமே இல்லை.

அப்படியானால் ஆரஞ்சு பேன்ட் எப்படிக் காப்பாற்றுகிறது? பலர் அதற்குள் ஏதோ வெட்டவே முடியாத பொருள் இருப்பதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை; அதன் வேலை செயினைத் தாங்குவது இல்லை, நிறுத்துவது. மேல்துணிக்கு அடியில் பாலியஸ்டர், பாலிஎத்திலீன், அராமிட் போன்ற நீளமான வலுவான இழைகள் பல அடுக்காக, இறுக்கித் தைக்காமல் தளர்வாகக் கிடக்கும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் பற்கள் இந்த இழைகளைக் கொக்கிபோட்டு இழுத்துக்கொண்டு போகும். அவை செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி இறுகிக்கொள்ளும். சைக்கிள் செயினில் வேட்டி நுனி மாட்டினால் பெடல் அப்படியே நின்றுவிடுகிறதே, அதே கதைதான். கிளட்ச் வழுக்கும், செயின் நிற்கும். பயிற்சியில் பழைய லெக் கார்டு (பேன்ட்டின் மேல் கட்டிக்கொள்ளும் இதே இழைக் கவசம்) ஒன்றை மரத்துண்டின்மேல் கட்டி, மெஷினை இறக்கிக் காட்டுவோம். ஒரு சத்தம்தான், செயின் நின்றுவிடும். பக்கவாட்டுக் கவரைக் கழற்றினால் ஸ்ப்ராக்கெட் தெரியாத அளவுக்கு வெள்ளை இழை பந்தாக அடைத்திருக்கும். நோஸ் பிளையரால் கொத்துக் கொத்தாகப் பிடுங்க வேண்டும். அதற்குப் பிறகு யாரும் ஜீன்ஸ் பற்றிக் கேட்பதில்லை.

இதிலிருந்தே வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். இடுப்புப் பக்கம் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். கேடயம் போன்ற கட்டத்துக்குள் ஒரு செயின்சா படம், அதன் அருகே கிளாஸ் எண் இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரம் முன்பு ஈஎன் 381 என்று இருந்தது, இப்போது ஐஎஸ்ஓ 11393. கிளாஸ் 0 என்றால் வினாடிக்கு 16 மீட்டர் செயின் வேகத்தில் சோதித்தது, கிளாஸ் 1 என்றால் 20, கிளாஸ் 2 என்றால் 24, கிளாஸ் 3 என்றால் 28. உங்கள் அளவு மெஷினுக்குக் கிளாஸ் 1 பொருந்தும் என்பது என் கருத்து. மெஷின் மேனுவலில் செயின் வேகம் போட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கிளாஸ் ஏற ஏற அடுக்கு தடிமனாகும், எடை கூடும், வேர்வையும் கூடும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: இந்த வேகங்களெல்லாம் சோதனைக்கூடத்தில் எடுத்தவை. தோப்பில் பார் எந்தக் கோணத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எந்த வேகத்தில் காலில் படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காயம் சிறிதாகும் வாய்ப்பை இந்த உடை பெரிதும் கூட்டுகிறது. காயமே வராது என்று அந்த லேபிள் சொல்லவில்லை.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் ‘600டி’, ‘900டி ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த ‘டி’ டெனியர். மேல்துணி நூலின் தடிமனை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே இழை அடுக்கு இருக்கிறதா, எந்த வேகத்துக்குச் சோதித்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கிளாஸ் எண்ணும் தரத்தின் பெயரும் லேபிளில் இல்லாத உடையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், சாதாரண பேன்ட்டாகவே எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகளின் டீலர்களிடம் கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு மெஷின் விற்ற கடையிலேயே முதலில் விசாரியுங்கள்.

அடுத்து, பேன்ட்டா லெக் கார்டா? லெக் கார்டு என்பது சாதாரண பேன்ட்டின் மேல் முன்பக்கமாகக் கட்டிக்கொள்வது. இடுப்பில் பெல்ட், காலின் பின்னால் மூன்று நான்கு பட்டைகள். பாதுகாப்பு அடுக்கு காலின் முன்பக்கத்தில் மட்டும் இருந்தால் டைப் ஏ, காலைச் சுற்றிலும் இருந்தால் டைப் சி. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ, எப்போதாவது மெஷின் எடுக்கிற விவசாயிகளுக்குச் சுற்றிலும் பாதுகாப்பு உள்ளதையே பரிந்துரைக்கிறது. காரணம் நியாயமானது: பழக்கம் இல்லாதவர் மெஷினை எந்தப் பக்கம் திருப்புவார் என்று சொல்ல முடியாது, கெண்டைக்காலிலும் படலாம். இருந்தாலும் நான் உங்களுக்கு அதை அப்படியே சொல்லத் தயங்குகிறேன். அந்தப் பரிந்துரை பிரிட்டன் குளிருக்கு எழுதியது. சித்திரை வெயிலில், கடலோர ஈரக்காற்றில், டைப் சி பேன்ட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். தலை சுற்றுகிறவர் கையில் மெஷின் இருப்பது அதைவிட ஆபத்து. இரண்டு நாள் போட்டுவிட்டு மூன்றாம் நாள் பரணில் போட்டுவிடுவார்கள். அதனால் என் தேர்வு லெக் கார்டு. கெண்டைக்காலைச் சுற்றி வரும் மாதிரி கிடைத்தால் அதை எடுங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் அது. மெஷினை அணைத்து உட்காரும்போது அவிழ்த்துப் போட்டுக் காற்று வாங்கலாம் என்பதே நம் ஊருக்குப் பெரிய வசதி. இது அனுபவத்தில் வந்த தீர்மானம். வேறொரு பயிற்சியாளர் டைப் சியேதான் வேண்டும் என்று சொன்னால் அவரிடமும் நியாயம் இருக்கிறது. எதைப் போட்டாலும் காலை ஆறிலிருந்து ஒன்பது ஒன்பதரைக்குள் அறுப்பு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

அளவில் கவனம் தேவை. ஷூ போட்டுக்கொண்டு கட்டிப் பாருங்கள். குத்தவைத்து உட்காருங்கள், ஒரு காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வையுங்கள். அப்போதும் கீழ் விளிம்பு ஷூவின் மேல்பகுதியை மூட வேண்டும். கணுக்கால் வெளியே தெரிந்தால் அது உங்கள் அளவு இல்லை. தொளதொளவென்று இருந்தால் பட்டவுடன் லெக் கார்டு முழுவதும் பக்கவாட்டில் சுழன்று, பாதுகாப்பு இல்லாத இடத்தைக் காட்டிவிடும். ஐரோப்பிய அளவுகள் நம்மவர்களுக்குச் சில சமயம் நீளம். அதற்காகத் தையல்காரரிடம் கொடுத்து மடித்துத் தைக்காதீர்கள்: அடுக்குகளின் ஊடே தையல் விழுந்தால் இழைகள் இழுபட்டு வெளியே வராது, அந்த இடத்தில் பாதுகாப்பு போய்விடும். பட்டைகளின் தொங்கும் நுனிகளைச் செருகிவிடுங்கள், கருவேல முள் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

தலைக்கு வருவோம். காட்டு வேலைக்கென்றே ஹெல்மெட், வலைத் திரை, காது மூடி மூன்றும் சேர்ந்த செட் கிடைக்கிறது. லெக் கார்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது இதுதான். பைக் ஹெல்மெட் ஏன் ஆகாது என்றால், அண்ணாந்து பார்க்க விடாது, கண்ணாடியில் மூச்சு படிந்துவிடும், பக்கத்து ஆள் கூப்பிடுவதைக் கேட்க விடாமலே இரைச்சலை மட்டும் உள்ளே விடும். தென்னந்தோப்பில் மேலிருந்து விழும் தேங்காயும் காய்ந்த மட்டையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொழிற்சாலை ஹெல்மெட் தனியாக வாங்குவதானால் ஐஎஸ் 2925 முத்திரை பாருங்கள். வலைத் திரை மரச்சில்லுகளைத் தடுக்கும், தூளைத் தடுக்காது. உள்ளே ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். காதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பெட்ரோல் மெஷின் இயக்குபவர் காதருகே 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். காதில் பஞ்சு வைப்பது எதற்கும் உதவாது. எஸ்டேட் வேலையில் இருந்த என் வயதுக்காரர்கள் பலரிடம் இப்போது உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. போன காது திரும்பி வராது.

காலணியில் செயின்சாவுக்கென்றே ஐஎஸ்ஓ 17249 தரத்தில் பூட்ஸ் உண்டு. அதில் பாதத்தின் மேல்பகுதியிலும் பாதுகாப்பு இருக்கும். கிடைத்து, பணமும் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கணுக்கால் மூடும், இரும்பு டோ வைத்த, ஐஎஸ் 15298 முத்திரையுள்ள தோல் சேஃப்டி ஷூவில் தொடங்கலாம். அந்த இரும்பு, கால் விரல்களை மட்டும்தான் காக்கும், அதற்குப் பின்னால் உள்ள பாதத்தை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். லெக் கார்டு ஷூவரை வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சீமைக்கருவேலம் அறுப்பதால் அடியில் முள் ஏறாத தகடு வைத்ததாகப் பார்த்து எடுங்கள். ரப்பர் செருப்போடு அந்தப் புதருக்குள் போனால் முள் குத்தி நீங்கள் தடுமாறும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

கையுறையில் கருத்து வேறுபாடு நிறைய உண்டு. நீங்கள் வாங்கிய வெட்டு தாங்கும் கையுறை கத்திக்கும் தகரத்துக்கும் ஆனது, ஓடுகிற செயின் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது. இடது கையின் மேல்புறத்தில் இழை அடுக்கு வைத்த செயின்சா கையுறை தனியாக இருக்கிறது. ஆனால் அது தடிமன். பிடி உணர்வு குறைகிறது என்று அனுபவசாலிகளே தவிர்ப்பார்கள். என்னைக் கேட்டால், நன்றாகப் பொருந்தி வழுக்காமல் பிடிக்கும் தோல் கையுறை உங்களுக்கு இப்போதைக்குப் போதும். கையை உண்மையில் காப்பது இரண்டு கைகளும் பிடியை விட்டு நகராமல் இருப்பதும், இடது கட்டைவிரல் முன் பிடியைச் சுற்றி இறுகியிருப்பதும்தான். இப்போது ஆன்லைனில் ஒரு கையால் பிடிக்கும் மினி செயின்சா விற்கிறார்கள். ஒரு கையில் மெஷின், மறு கையில் கிளை என்று பிடிப்பதற்கு அது ஆசை காட்டும். அந்த மறு கைதான் அடிபடும்.

சட்டை முழுக்கை, உடம்போடு ஒட்டியது, பருத்தி. கழுத்தில் துண்டு, சங்கிலி, கையில் கயிறு எதுவும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுத்து அகற்றிய சமயத்தில் கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு மெஷின் பிடித்தவர்களை டெல்டா முழுக்கப் பார்த்தேன். வெயிலுக்கு அது சுகம் என்பது புரிகிறது, ஆனால் தளர்ந்த துணி செயினில் சிக்கினால் துணியோடு சேர்ந்து பாரும் உடம்பை நோக்கி வரும். லெக் கார்டுக்கு உள்ளேயும் கைலி கூடாது, பேன்ட்தான்.

உங்களுடையது பெட்ரோல் மெஷின், எனவே மேலே சொன்ன இழை முறை அதற்கு நன்றாகப் பொருந்தும். பின்னால் பேட்டரி மெஷின் வாங்கினால் இதே உறுதியோடு என்னால் பேச முடியாது. மின் மோட்டார் வேகம் குறைந்தாலும் முறுக்குவிசையை விடாமல் கொடுக்கும், அதனால் செயின் அதே மாதிரி உடனே நிற்கும் என்று சொல்லிவிட முடியாது. சில பாதுகாப்பு உடைகளின் குறிப்பேட்டிலேயே இதை எச்சரித்திருப்பார்கள், வாங்கும்போது படித்துவிடுங்கள்.

உடையால் ஆகாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பார் நுனி வளைவின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் மேலே எகிறி முகம், கழுத்து, தோள் பக்கம் திரும்பி வரும். கிக்பேக் என்பது இதுதான். ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பி நிற்கும் சீமைக்கருவேலத்தில், நீங்கள் அறுக்கும் தண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கிளையில் நுனி படுவது மிகச் சுலபம். லெக் கார்டு அங்கே எதுவும் செய்யாது, வலைத் திரையும் செயினைத் தடுக்காது. தினமும் வேலைக்கு முன் செயின் பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பதும், தோள் உயரத்துக்கு மேல் அறுக்காததும், நுனி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே அறுப்பதும்தான் வழி. செயினில் சில்லாக வராமல் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காமல் நிறுத்தி அரம் போடுங்கள். மரத்தில் ஏறி மெஷின் ஓட்டுவது உங்கள் முதல் வருடத்தில் பேச்சுக்கே இடமில்லை. முடிந்தால் முதல் சில நாள், பழகிய ஒருவரை அருகில் வைத்து, தரையில் கிடக்கும் மரத்தை மட்டும் துண்டு போடுங்கள்.

பராமரிப்பு சுலபம்தான், ஆனால் நம் பழக்கத்துக்கு மாறானது. செயின் ஆயில் ஊறிப் போனால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரியாக வெளியே வராது. அதனால் லேபிளில் சொன்னபடி அவ்வப்போது துவைக்க வேண்டும். துவைக்கிற கல்லில் அடிக்காதீர்கள், பிளீச்சிங் வேண்டாம், இஸ்திரி வேண்டாம், நிழலில் உலர்த்துங்கள். சூடான சைலன்சரைத் தொடைமேல் சாய்த்தால் மேல்துணி உருகும். பெட்ரோல் கொட்டிவிட்டால் உடனே கழற்றிவிடுங்கள். செயின் ஒருமுறை இழை அடுக்கைத் தொட்டுவிட்டால் அந்த லெக் கார்டின் ஆயுள் முடிந்தது. ஓட்டை சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே அந்த இடத்து இழைகள் போயிருக்கும்.

ஆக, பணம் ஒரே நேரத்தில் இல்லையென்றால் வரிசை இது: லெக் கார்டு, ஹெல்மெட் செட், ஷூ, கடைசியில் கையுறை. முதல் மூன்றும் சேரும்வரை மெஷினைப் பெட்டியிலேயே வையுங்கள். அவசரமான மரம் இருந்தால் கூலி கொடுத்து ஆள் விட்டு அறுத்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு ஆஸ்பத்திரியில் தையல் போடும் செலவைவிட அது குறைவு. இன்னொரு சின்னச் சாமான்: ரத்தத்தை அழுத்தி நிறுத்தும் பெரிய பிரஷர் பேண்டேஜ் ஒன்று வாங்கிச் சட்டைப் பையிலோ பேன்ட் பையிலோ எப்போதும் வைத்திருங்கள். வண்டிப் பெட்டியில் வைத்தால் தேவைப்படும்போது நடந்து போய் எடுக்க முடியாது. தனியாக அறுக்காதீர்கள். கூட இருப்பவருக்கு மெஷினை அணைக்கவும், காயத்தை விடாமல் அழுத்திப் பிடிக்கவும் தெரிந்திருக்கட்டும். 108-க்குக் கூப்பிட்டால் தோப்புக்கு எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று தடுமாறாமல் சொல்லவும் அவருக்குத் தெரிய வேண்டும்.